மெட்டு ஏறும் குப்பை வண்டிகள்

கம்பத்திலிருந்து மேற்கே திரும்பி மலையேறும் சாலை ஒன்று இருக்கிறது. கம்பம்மெட்டு சாலை. மொத்தமே 15 கிலோமீட்டருக்குள்தான் வரும். அடிவாரத்தில் தென்னையும் திராட்சைப் பந்தலும், நடுவில் காடும் கொண்டை ஊசி வளைவுகளும், உச்சியில் கேரளத்துச் சோதனைச் சாவடியும். அதைத் தாண்டினால் இடுக்கி மாவட்டம். நெடுங்கண்டம், கட்டப்பனை, வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிந்து கிடக்கும். திண்டுக்கல்லிலிருந்து தேனி வழியாகக் குமுளி போகும் 183-ஆம் தேசிய நெடுஞ்சாலை கம்பத்தைத் தொட்டுப் போகிறது. அந்தப் பெரிய சாலையில் வரும் சரக்கை மலைநாட்டுக்கு ஏற்றிவிடும் குறுக்கு வழி இந்தச் சின்னச் சாலைதான். சபரிமலை சீசனில் போகிற வண்டிகளை இந்தப் பக்கம் ஏற்றி, திரும்புகிற வண்டிகளைக் குமுளி வழியாக இறக்குவார்கள். ஐயப்ப பக்தர்களுக்கு இந்தச் சாலை தெரிந்தது அப்படித்தான்.

நம்மைப் போன்ற உழவர்கள் இந்தச் சாலையை வேறு ஒரு கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதில் என்ன ஏறுகிறது, என்ன இறங்குகிறது என்ற கணக்கு.

விடியும் முன்னே முதலில் ஏறுவது ஜீப்புகள். கம்பம், புதுப்பட்டி, கூடலூர், கோம்பை, தேவாரம் பக்கமிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஆட்கள், பெரும்பாலும் பெண்கள். தூக்குச்சட்டியில் கஞ்சியோ சோறோ எடுத்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்து போவார்கள். பொழுது சாயத் திரும்பி வருவார்கள். மேலே கூலி கூடுதல். அதனால்தான் பள்ளத்தாக்கில் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கூடக் கிடைக்கிற இடத்துக்குப் போக அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஆள் ஏறிப் போனதால் கீழே வயலுக்குள் இயந்திரம் இறங்கியது. இயந்திரம் இறங்கியதால் மாடு போனது. மாடு போனபின் என்ன ஆனது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

ஜீப்புகளுக்குப் பின்னால் காய்கறி வண்டிகள், வாழைத்தார், தேங்காய், பன்னீர் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்தப் பழம் நாள்கணக்கில் நிற்காது, பறித்த கையோடு விற்றாக வேண்டும். பக்கத்துச் சந்தை எது என்றால் மெட்டுக்கு மேலேதான். அதனால் எங்கள் பக்கத்தில் எதற்கு விலை கேட்டாலும் பதில் கேள்வி ஒன்றுதான்: "மேலே என்ன ரேட்டு?" ஓணம் வந்தால் நேந்திரனுக்கும் காய்க்கும் மவுசு. கர்க்கடக மாதத்து அடைமழையில் மலைச்சாலை சரிந்தால் கம்பம் கமிஷன் கடையில் காய் தேங்கும்.

இவ்வளவும் எல்லோரும் பேசுகிற கதை. பேசாத கதை தார்ப்பாய் போட்டு மூடிய வண்டிகளில் இருக்கிறது. வைக்கோல் கட்டு ஏற்றிய லாரி. மாட்டுக் குப்பை ஏற்றிய டிப்பர். ஆட்டுப் புழுக்கை மூட்டைகள். வேப்பம் புண்ணாக்கு. அடிமாடு ஏற்றிய வண்டி. எல்லாம் மேலே போகிறவை. சந்தைக் காய்க்குக் கமிஷன் கடைச் சீட்டாவது இருக்கும். குப்பை வண்டிக்கு அதுவும் கிடையாது.

திண்டுக்கல்–குமுளி சாலையை அகலப்படுத்தும் வேலை 2010-ஐ ஒட்டித் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி நடந்தபோது, ஒவ்வொரு ஊருக்கும் புறவழிச்சாலை என்று நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கோடு கிழித்தார்கள். இருபோக நிலம் போகிறதே என்று உழவர்கள் வயிற்றெரிச்சல் பட்டார்கள், நியாயம்தான். சாலைக்காக வயல் போனது கண்ணுக்குத் தெரிந்தது. வயல் அங்கேயே கிடக்க, வயலில் இருந்தது மட்டும் சாலையில் ஏறிப் போவது கண்ணுக்குத் தெரியவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். லோயர் கேம்ப் தொடங்கி பழனிச்செட்டிபட்டி வரை முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு போகத்துக்குச் சுமாராக 2 டன் வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த வைக்கோலில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் சத்து இருக்கிறது. அதாவது 2 டன்னில் ஏறத்தாழ 28 கிலோ. 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றைப் பிரித்தால் அதில் உண்மையான சாம்பல் சத்து 25 கிலோதான். ஆக ஒரு ஏக்கர் வைக்கோலை லாரியில் ஏற்றினால் ஒரு மூட்டை பொட்டாஷை ஏற்றிவிட்டோம். இரண்டு போகமும் ஏற்றினால் இரண்டு மூட்டை. இந்தியாவில் பொட்டாஷ் தோண்டி எடுக்கும் சுரங்கம் இல்லை. கனடா, ரஷ்யா, பெலாரஸ், ஜோர்டான் என்று கடல் கடந்துதான் வருகிறது. கம்பத்து வயலில் இருந்த சாம்பல் சத்து நெடுங்கண்டத்துக்குப் போக, அதன் இடத்தை நிரப்ப ரஷ்யாவிலிருந்து கப்பலில் வருகிறது. இந்தக் கணக்கை எந்த ஊர்ப் பொருளாதாரம் படித்தவர் போட்டாலும் சிரிப்புத்தான் வரும்.

சாம்பல் சத்தை விடுங்கள், அதையாவது கடையில் வாங்கலாம். வைக்கோலில் மணற்சத்து இருக்கிறது, சிலிக்கா. நெல்லின் தாள் விறைப்பாக நிற்பதும், இலை சொரசொரவென்று இருந்து பூச்சி கடிக்கத் திணறுவதும், குலைநோய் சுலபத்தில் உள்ளே நுழையாமல் இருப்பதும் அதனால்தான். ஒரு டன் வைக்கோலில் 40, 50 கிலோவுக்குக் குறையாமல் அது இருக்கும். வழக்கமாக உரக்கடையில் கட்டிக் கொடுக்கிற யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் எந்த மூட்டையிலும் அது இல்லை. வைக்கோல் முழுவதையும் விற்றுவிட்டு, பயிர் சாய்கிறது, குலைநோய் வருகிறது என்று மருந்துக்கடை வாசலில் நிற்பது எவ்வளவு பெரிய கூத்து.

அடுத்தது குப்பை. (குப்பை என்று நம் பக்கத்தில் சொல்வது தொழு உரத்தைத்தான், நகராட்சிக் குப்பையை அல்ல.) ஏலச் செடிக்கு ஆண்டுக்கு 5 கிலோ தொழு உரமோ கம்போஸ்டோ வைக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. ஏக்கருக்கு 400, 450 செடி. ஆக ஒரு ஏக்கர் ஏலத்தோட்டத்துக்கு 2 டன்னுக்கு மேல் குப்பை வேண்டும். மேலே இருப்பது ஆயிரக்கணக்கான ஏக்கர். அங்கே கொட்டகையில் கட்டியிருக்கிற மாடுகள் எத்தனை? அதற்குத் தீவனமே நம் வைக்கோல்தான். எனவே குப்பை கீழேயிருந்து போகிறது. கம்பத்திலிருந்து மட்டுமல்ல, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி மேட்டுநிலங்களில் ஆட்டுக்கிடை போட்டுச் சேர்த்த புழுக்கையும் இதே வழியில் ஏறுகிறது.

மழை குறைந்த அந்த மானாவாரி நிலங்களை யோசித்துப் பாருங்கள். கரிமச் சத்து ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிற செம்மண். அதில் மேய்ந்த ஆட்டின் புழுக்கை, ஆண்டு முழுக்க இலை உதிர்ந்து மக்கிக் கிடக்கிற சோலைக்காட்டு மண்ணுக்குப் போகிறது. இல்லாதவனிடமிருந்து இருக்கிறவனுக்கு. தண்ணீர் மேலிருந்து கீழே வருகிறது, அது இயற்கை. சத்து கீழேயிருந்து மேலே போகிறது, டீசல் போட்டு.

இதில் ஏலத்தோட்டக்காரரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர்களில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள்தான். போடியிலும் கம்பத்திலும் வீடு, மேலே தோட்டம். ஏலக்காய் ஏலம் புத்தடியில் ஒரு நாள், போடியில் ஒரு நாள் என்றுதான் நடந்து வந்திருக்கிறது. அவர்கள் குப்பை தேடி வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. இந்தியாவிலேயே மருந்து அதிகம் குடிக்கிற பயிர்களில் ஒன்று என்று ஏலத்துக்குப் பெயர். 2018-ஐ ஒட்டி, நஞ்சு எச்சம் கூடுதல் என்று சவூதி அரேபியா நம் நாட்டு ஏலக்காயைத் திருப்பியது. வாங்குகிறவன் கையைக் கட்டிக்கொண்டால்தான் விற்கிறவன் யோசிப்பான். யோசிக்கத் தொடங்கியவர்கள் இரசாயனத்தைக் குறைத்து, குப்பையும் வேப்பம் புண்ணாக்கும் போடத் தொடங்கினார்கள். நல்லதுதான். நஞ்சில்லாத ஏலக்காய் வேண்டாம் என்று நாம் சொல்ல முடியுமா?

ஆனால் நண்பர்களே, கசப்பான ஒன்றைப் பேசித்தான் ஆக வேண்டும். மேலே ஒரு ஏக்கர் இயற்கைக்கு மாறுகிறது. அதற்கான குப்பை கீழே மூன்று ஏக்கரிலிருந்து போகிறது. கீழே அந்த மூன்று ஏக்கரும் யூரியாவில் ஓடுகிறது. மேலே இருக்கிறவருக்கு இயற்கைச் சான்றிதழ். கீழே இருக்கிறவருக்கு உரக்கடைப் பாக்கி. மொத்தமாக நான்கு ஏக்கரையும் சேர்த்துப் பார்த்தால் இயற்கை விவசாயம் எங்கே நடந்தது?

இந்தக் கேள்வி ஏலத்தோட்டத்துக்கு மட்டுமில்லை. இதைப் படிக்கிற நம்மில் பலரும் நகரத்திலிருந்து திரும்பி வந்து நிலம் வாங்கி, முதல் வேலையாகப் பத்து டிப்பர் குப்பைக்கு ஆர்டர் கொடுத்தவர்கள். தொடக்கத்தில் ஓரிரு ஆண்டு அது தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொள்ளலாம். ஐந்தாம் ஆண்டும் டிப்பர் வந்து நின்றால், மாறியிருப்பது நாம் வாங்குகிற கடை மட்டும்தான். வெளி இடுபொருள் வேண்டாம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அந்த வெளி இடுபொருளில் டிப்பர் குப்பையும் சேர்த்திதான்.

குப்பையைக் கீழே இருக்கிறவர் ஏன் விற்கிறார்? காரணம் ஒன்றல்ல. தண்ணீர் ஜூன் முதல் வாரம் திறந்தால் முதல் போகம் அறுப்பதற்கும் இரண்டாம் போகம் நடுவதற்கும் இடையில் சில வாரம்தான். வயலில் வைக்கோலைப் போட்டு மக்கவிட நேரமில்லை. அறுவடை இயந்திரம் தாளைத் துவைத்துப் போட்டுப் போய்விடும். முன்பு களத்தில் அடித்துப் படப்பு போட்ட வைக்கோல் வீட்டு மாட்டுக்கு ஆனது. இப்போது வீட்டில் மாடே இல்லை. பேலர் வண்டி வந்து சுருட்டிக் கட்டித் தருகிறேன் என்கிறது. கையில் காசும் வைக்கிறது. அறுப்புக் கூலிக்கு அந்தக் காசு ஆகும். "கொளுத்துறதுக்கு வித்துட்டுப் போறேன்" என்று சொல்கிறவரை எப்படிக் குறை சொல்வது? கொளுத்துவதற்கு விற்பது எவ்வளவோ மேல்.

மாடு ஏன் இல்லை என்பது இன்னும் பெரிய கதை. கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. தம்பிரான் மாட்டுத் தொழு என்பார்கள். அங்கே கும்பிடுவது மாட்டைத்தான்; மாட்டுப் பொங்கலன்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அங்கே திரளும். தொழு உரம் என்ற சொல்லிலேயே அந்தத் தொழு இருக்கிறது, கவனித்தீர்களா? மாடு அடைகிற இடம்தான் உரம் பிறக்கிற இடம். இந்தப் பள்ளத்தாக்கின் மலைமாடுகள் மழைக்காலத்தில் மலையில் மேய்ந்து, அறுப்பு முடிந்ததும் கீழே இறங்கி வயலில் கிடை கிடக்கும். காட்டுப் புல்லின் சத்தை வயலுக்குச் சுமந்து வந்த வண்டி அது. டீசல் வேண்டாம், டிரைவர் வேண்டாம். மேலேயிருந்து கீழே சத்தை இறக்கிய ஒரே போக்குவரத்து.

அது ஏறக்குறைய நின்றுவிட்டது. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள் மேய்ச்சலுக்குத் தடை போட்டு, பின்பு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. மேகமலை அந்தச் சுருக்கிய பட்டியலுக்குள்தான் வருகிறது. புலி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மேய்ச்சல் பட்டா இல்லாமல் ஐம்பது, நூறு மாடுகளை வைத்துக் காப்பாற்ற முடியாத மாட்டுக்காரர் என்ன செய்வார்? விற்பார். அந்த மாடும் மெட்டு ஏறும். கிடை போட்டு ஆண்டுக்கு ஆண்டு உரம் தந்த மாடு, ஒரே ஒரு தடவை இறைச்சி விலைக்குப் போகிறது.

கீழே என்ன இறங்குகிறது என்று பார்த்தால், கூலிக் காசு இறங்குகிறது, அதை மறக்கக் கூடாது. பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான அடுப்பு எரிவது அதில்தான். ஏலக்காயும் மிளகும் இறங்குகின்றன. ராத்திரி நேரத்தில் இறைச்சிக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் கூட இறங்கி, மலைச்சாலை ஓரத்துக் காட்டில் கொட்டப்பட்டு, பிடிபட்டதாகப் பத்திரிகையில் செய்தி வருகிறது. நாம் அனுப்பிய குப்பைக்குப் பதில் குப்பை! சத்தாகத் திரும்பி வருவது எதுவும் இல்லை.

இந்தச் சாலை திடீரென்று மூடினால் என்ன ஆகும்? இரண்டு தடவை பார்த்துவிட்டோம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை கொதித்தபோது குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் அடைபட்டன. பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரமாயிரமாக எல்லையை நோக்கி நடந்தார்கள். மேலே வேலைக்குப் போன நம் பெண்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுப் பாதை வழியாக இறங்கினார்கள். காயும் பழமும் வாரக்கணக்கில் தேங்கின. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு. மறுபடியும் எல்லை மூடல், பந்தலிலேயே பழுத்துக் கொட்டிய திராட்சை, ஆள் இல்லாத ஏலத்தோட்டம், வேலை இல்லாத ஆட்கள்.

நடுவில் 2015-இல் மூடாமலே மூடிய கதை ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருக்கிறது என்று கேரள அரசு சொன்னது. திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் மாதிரிகளைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டார்கள். கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா எல்லாம் அடிபட்டன. நம் ஊரில் அப்போது பலருக்கும் கோபம் வந்தது, அரசியல் என்றார்கள். அரசியல் இல்லாமலில்லை, தன் தோட்டத்து ஏலத்துக்கு அடிக்கிற மருந்தைப் பற்றிப் பேசாதவர்கள் நம் கறிவேப்பிலையைப் பற்றிப் பேசினார்கள் என்பதும் உண்மை. ஆனால் மருந்தடித்தது நாம்தானே. அதற்குப் பிறகு கேரளத்தில் ஓணத்துக்கு வீட்டுக்கு ஒரு முறம் காய்கறி என்று வீட்டுத் தோட்டத்தை இயக்கமாகவே நடத்துகிறார்கள். அவர்கள் இந்தச் சாலையை நம்பி இருப்பதைக் குறைக்கப் பார்க்கிறார்கள். நாம் அதையே நம்பி இருப்பதைக் கூட்டிக்கொண்டு போகிறோம்.

சாலையே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தேவாரத்துக்காரர்கள் சாக்கலூத்து மெட்டுக்குச் சாலை கேட்டுத் தலைமுறையாக மனு கொடுக்கிறார்கள். சில கிலோமீட்டர் மலைப்பாதைதான். அது வந்தால் போடிமெட்டோ கம்பம்மெட்டோ சுற்றாமல் நேரே உடும்பன்சோலைப் பக்கம் ஏறிவிடலாம். காட்டு வழி என்பதால் வனத்துறை அனுமதி நிற்கிறது. அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது, காடு கிழிபடும் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. சாலை வந்தால் ஜீப்புகள் பத்திரமாகப் போகும். குப்பை வண்டியும் இன்னும் சுலபமாகப் போகும்.

சாலையை மாற்றுவது நம் கையில் இல்லை. எதை ஏற்றுவது என்பதில் கொஞ்சம் நம் கையில் இருக்கிறது.

முதலில் வைக்கோல். முதல் போகத்து அறுப்பு ஐப்பசி மழையை ஒட்டி வரும். வைக்கோல் ஈரம் பட்டுக் கறுக்கும். அதை மடித்து உழுதால் மக்குவதற்கு நாளில்லை. உடனே நட்டால் பயிர் மஞ்சளடித்து நிற்கும், வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை முதலில் தாங்கள் தின்றுவிடுவதால். அந்த வைக்கோலை விற்க வேண்டியிருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், அல்லது வாழைக்கும் தென்னைக்கும் மூடாக்காகப் போடுங்கள். இரண்டாம் போகம் மாசி, பங்குனியில் அறுப்பு. வைக்கோல் மொறமொறவென்று காய்ந்து பொன் நிறத்தில் இருக்கும். வியாபாரி ஆசைப்படுவது இதற்குத்தான், நல்ல விலையும் இதற்குத்தான். நாம் வைத்துக்கொள்ள வேண்டியதும் இதைத்தான், ஏனென்றால் ஜூன் வரை வயல் சும்மா கிடக்கும். கோடை மழை ஒன்றிரண்டு கிடைத்தால் போதும், பரப்பி, ஜீவாமிர்தமோ அமுதக்கரைசலோ தெளித்து, மேலாக உழுதுவிட்டால் தண்ணீர் திறக்கும்போது பாதிக்கு மேல் மண்ணோடு சேர்ந்திருக்கும். முழுவதையும் வைக்க மனசு வரவில்லை என்றால் பாதி. பேலர்காரரிடம் முன்னாடியே சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, மேல வரப்புல இருந்து இந்த மூணு பாத்தி மட்டும் எடுத்துக்கங்க." வண்டி வயலில் இறங்கியபின் பேசினால் நடக்காது.

குப்பை விற்கிறவர்கள், விற்பதாக இருந்தால், பச்சைச் சாணமாகவும் காய்ந்த வறட்டியாகவும் டிப்பர் கணக்கில் விற்காதீர்கள். டிப்பரை நிரப்புவது பாதி மண்ணும் காற்றும்; விலை பேசுகிறவர் அதைக் கழித்துத்தான் பேசுவார். மக்க வைத்துச் சலித்து எடை போட்டு விற்றால் அளவு குறைந்து விலை கூடும். மிச்சம் நம் நிலத்துக்கு நிற்கும். ஒரு டன் மக்கிய குப்பையில் தழைச்சத்து 5 கிலோதான், அந்த மட்டுக்கு யூரியா கணக்கு பார்த்தால் மலிவாகத் தெரியும். மண்புழு பிழைப்பதும் ஈரம் நிற்பதும் அந்தக் கணக்கில் வராது.

ஏலத்தோட்டம் வைத்திருக்கிற நண்பர்களுக்கும் ஒன்று. உங்கள் தோட்டத்தில் நிழல் மரம் இருக்கிறது, ஆண்டு முழுக்க இலை கொட்டுகிறது, கவாத்து செய்த கிளையும் காய்ப்பு முடிந்து வெட்டிய ஏலத்தட்டையும் குவிகின்றன. அதைத் தோட்டத்திலேயே மூடாக்காகவும் கம்போஸ்டாகவும் ஆக்கினால் கீழேயிருந்து வருகிற வண்டியில் பாதியை நிறுத்தலாம். நிழலை வெட்டி வெயிலைக் கொண்டுவந்துவிட்டு, ஈரம் நிற்கவில்லை என்று குப்பைக்கு அலைவதில் பொருளில்லை.

மலைமாட்டுக் கிடைக்கு இன்னும் வழி அடைபடவில்லை. காட்டுக்குள் விடாவிட்டாலும், அறுத்த வயலிலும் தோப்பிலும் கிடை போட மாட்டுக்காரர்கள் தயாராகத்தான் இருக்கிறார்கள். இரவுக்கு இவ்வளவு என்று பேசிக் கிடை போட்டால் சாணம் மட்டுமல்ல, டிப்பரில் ஒருபோதும் வராத மூத்திரமும் நிலத்தில் இறங்கும். தழைச்சத்திலும் சாம்பல் சத்திலும் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. நான்கு உழவர்கள் சேர்ந்து அடுத்தடுத்த வயலில் கிடை பேசினால் மாட்டுக்காரருக்கும் ஒரே இடத்தில் மாதம் தள்ளிவிடலாம், அலைச்சல் குறையும்.

கிடையும் கிடைக்காத இடத்தில் பசுந்தாள்தான். தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை, அல்லது பலதானியம் கலந்து. 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழுதால் 8 முதல் 10 டன் பச்சைத் தழை மண்ணுக்குள் போகும்; இரண்டு டிப்பர் குப்பைக்குக் குறையாது, மெட்டு ஏறவும் முடியாது. ஜூன் முதல் தேதியை ஒட்டி வாய்க்காலில் தண்ணீர் வரும் என்றால், பூவெடுக்கும் பருவத்தில் வயல் நிற்க ஏப்ரல் நடுவில் விதைத்திருக்க வேண்டும். கிணறு இருப்பவர்கள் அதில் ஒரு தண்ணீர் விட்டு முளைக்க வைத்துவிடலாம். இல்லாதவர்கள் சித்திரை மழைக்குக் காத்திருந்து, மழை விழுந்த மறுநாளே விதையோடு வயலில் நிற்க வேண்டும். அதற்கு விதையைப் பங்குனிக்குள் வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும்.